அமெரிக்காவில் இணையவழிப் போக்கர்: சட்ட அனுமதியும் வரிவிதிப்பும்

இணையவழிப் போக்கர் என்பது போக்கர் எனும் சீட்டாட்டத்தைக் கணினி அல்லது கைபேசி வழியாகப் பணம் வைத்து ஆடுவதாகும். அமெரிக்காவில் போக்கர் 19ஆம் நூற்றாண்டு முதல் ஆடப்பட்டு வருகிறது. வீட்டுக் கூடத்தில் நண்பர்கள் கூடி ஆடுவார்கள். லாஸ் வேகாஸ் காசினோக்களில் முன்பின் தெரியாதவர்கள் ஆடுவார்கள். குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன்கூடப் போக்கரில் பெரும் விருப்பம் உடையவர். இப்படிப் பொதுவாழ்வில் கலந்துபோன ஆட்டம் இணையத்துக்கு வந்தபோதுதான் அதைச் சட்டம் எப்படிப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி பெரிதாக எழுந்தது.

இந்த விவாதத்தில் மூன்று கேள்விகள் உள்ளன. போக்கர் சூதாட்டமா, திறமை ஆட்டமா? அதைத் தடை செய்வதா, உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்துவதா? உரிமம் கொடுத்தால் அரசுக்கு எவ்வளவு வரி கிடைக்கும்? இவற்றுள் மூன்றாவது கேள்விதான் சட்டமன்றங்களில் அதிகம் பேசப்பட்டது. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது. எதிர்பார்த்த வரி போக்கரிலிருந்து வரவில்லை. ஆடுபவரின் பணத்தைப் பாதுகாக்க உரிமமும் கண்காணிப்பும் வேண்டும் என்ற வாதமோ நடப்பில் மெய்ப்பட்டது.

போக்கர் தளம் எப்படிச் சம்பாதிக்கிறது?

வரி விவாதத்தைப் புரிந்துகொள்ள முதலில் ஆட்டத்தின் பண ஓட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்லாட் இயந்திரம், ரூலெட் போன்றவற்றில் ஆடுபவர் காசினோவை எதிர்த்து ஆடுகிறார். அவர் தோற்கும் பணம் காசினோவுக்குப் போகிறது. போக்கரில் அப்படி இல்லை. ஆடுபவர்கள் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுகிறார்கள். ஒருவர் இழப்பது இன்னொருவருக்குப் போய்ச் சேருகிறது.

மேசையை நடத்தும் நிறுவனம் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பந்தயத் தொகையிலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது. இதற்கு ரேக் என்று பெயர். எடுத்துக்காட்டாக, ஒரு ஆட்டத்தில் 40 டாலர் சேர்ந்து, ரேக் 5 விழுக்காடு என்றால் நிறுவனத்துக்கு 2 டாலர் கிடைக்கும். வென்றவருக்கு 38 டாலர் கிடைக்கும். பெரிய தொகை சேரும் ஆட்டங்களில் ரேக்குக்கு உச்சவரம்பும் வைப்பது வழக்கம். போட்டித் தொடர்களில் நுழைவுத் தொகையோடு ஒரு கட்டணம் சேர்த்து வசூலிக்கப்படும்.

ஆகவே மேசையில் இலட்சக்கணக்கான டாலர் கைமாறினாலும் நிறுவனத்தின் வருவாய் அதில் மிகச் சிறிய பகுதியே. அரசு வரி விதிப்பது அந்தச் சிறிய பகுதியின் மீதுதான்.

தொடக்கமும் வளர்ச்சியும்

பணம் வைத்து ஆடும் முதல் இணையவழிப் போக்கர் தளமான பிளானட் போக்கர் 1998 சனவரியில் தொடங்கியது. பார்ட்டிபோக்கர், போக்கர்ஸ்டார்ஸ் ஆகிய தளங்கள் 2001இல் வந்தன. ஃபுல் டில்ட் போக்கர் 2004இல் வந்தது. இவை பெரும்பாலும் அமெரிக்காவுக்கு வெளியே, சிறு தீவுகளிலும் பிற நாடுகளிலும் உரிமம் பெற்று இயங்கின. ஆடியவர்களில் பெரும்பகுதியினர் அமெரிக்கர்கள்.

2003ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் 86 டாலர் கட்டணத்தில் ஒரு தகுதிச் சுற்று ஆடினார். அதன்மூலம் 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் இடம் பெற்றார். அதில் வென்று 25 லட்சம் டாலர் பரிசு வாங்கினார். தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாத ஒருவரின் வெற்றி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. அந்த ஆண்டு முதன்மைப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 839 பேர். 2006இல் அந்த எண்ணிக்கை 8,773 ஆக உயர்ந்தது. அதற்கு முதற்காரணம் இணையத் தளங்கள் நடத்திய தகுதிச் சுற்றுகள்.

2006ஆம் ஆண்டுச் சட்டம்

அமெரிக்காவில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்துவது பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பு. மாநில எல்லை தாண்டும் செயல்களுக்கே கூட்டாட்சிச் சட்டம் வருகிறது. அவற்றுள் பழமையானது 1961ஆம் ஆண்டின் தந்திக் கம்பிச் சட்டம். தொலைபேசி வழியாகப் பந்தயம் பிடித்த குற்றக் கும்பல்களை ஒடுக்குவதற்காக இயற்றப்பட்ட சட்டம் அது. இணையம் வந்த பிறகு, இச்சட்டம் விளையாட்டுப் பந்தயங்களுக்கு மட்டும் பொருந்துமா, எல்லாச் சூதாட்டங்களுக்கும் பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதே அப்போது நீதித் துறையின் நிலைப்பாடு.

2006இல் சட்டவிரோத இணையச் சூதாட்ட அமலாக்கச் சட்டம் நிறைவேறியது. துறைமுகப் பாதுகாப்பு பற்றிய மசோதாவோடு இது இணைக்கப்பட்டு, நாடாளுமன்றம் விடுமுறைக்குக் கலையும் நேரத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. துறைமுகப் பாதுகாப்பை எதிர்த்து வாக்களிக்க யாரும் விரும்பவில்லை. குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் 2006 அக்டோபர் 13 அன்று அதில் கையெழுத்திட்டார்.

இச்சட்டம் போக்கர் ஆடுவதைக் குற்றமாக்கவில்லை. சட்டவிரோதச் சூதாட்டத்துக்காக நிறுவனங்கள் பணம் பெறுவதைத்தான் குற்றமாக்கியது. வங்கிகளும் கடன் அட்டை நிறுவனங்களும் அத்தகைய பணப் பரிமாற்றத்தைத் தடுக்க வேண்டும் என்றது. எது சட்டவிரோதம் என்பதை இச்சட்டம் புதிதாக வரையறுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கூட்டாட்சி, மாநிலச் சட்டங்களைப் பார்த்துக்கொள்ளுமாறு விட்டுவிட்டது. ஒரே மாநிலத்துக்குள் அந்த மாநிலச் சட்டப்படி நடக்கும் பந்தயங்களுக்கு விலக்கும் அளித்தது. பிற்காலத்தில் மாநிலங்கள் உள்ளே நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

இலண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த பார்ட்டிகேமிங் நிறுவனம் அமெரிக்காவை விட்டு விலகியது. அதன் பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கும் மேல் சரிந்தது. போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சொலூட் போக்கர் போன்றவை விலகவில்லை. போக்கர் திறமை ஆட்டம் என்பதால் இச்சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்று அவை வாதிட்டன. நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நிறுவனம் வெளியேற, கட்டுப்படாதவற்றுக்குச் சந்தை முழுவதும் கிடைத்தது.

திறமையா, அதிர்ஷ்டமா?

போக்கரில் எந்தச் சீட்டு வரும் என்பது அதிர்ஷ்டம். வந்த சீட்டை வைத்து எவ்வளவு பணம் கட்டுவது, எப்போது விலகுவது, கையில் ஒன்றும் இல்லாமலே பெரிய தொகை கட்டி எதிராளியை எப்படி மிரட்டுவது என்பவை திறமை. ஒரே ஒரு ஆட்டத்தில் புதியவர் வல்லவரை வெல்லலாம். ஆயிரக்கணக்கான ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் வல்லவர் கையே ஓங்கும். எனவே எத்தனை ஆட்டங்களை அளவாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. நியூயார்க்கில் ஒரு கிடங்கின் பின்னறையில் போக்கர் நடத்தியவர் மீதான வழக்கில், 2012 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன், போக்கரில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்றும், ஆகவே சட்டவிரோதச் சூதாட்டத் தொழில் பற்றிய கூட்டாட்சிச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்றும் தீர்ப்பளித்தார். ஓராண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. மாநிலச் சட்டப்படி அது சட்டவிரோதச் சூதாட்டம் என்றால் கூட்டாட்சிச் சட்டத்துக்கு அதுவே போதும். திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்றது. இதனால் போக்கர் ஆதரவாளர்களின் முதல் வாதம் சட்ட அளவில் பெரிதாகப் பயன்படவில்லை.

வாஷிங்டன் மாநிலம் இதற்கு முன்பே கடுமையான வழியில் போயிருந்தது. அங்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் இணையத்தில் பணம் வைத்துச் சூதாடுவதையே கடுங்குற்றமாக்கியது. 2010இல் மாநில உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது.

வரி என்ற வாதம்

2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு கூட்டாட்சி அரசும் மாநில அரசுகளும் பணத் தட்டுப்பாட்டில் இருந்தன. அப்போது ஆதரவாளர்கள் கையில் எடுத்தது வரி வாதம். இலட்சக்கணக்கானோர் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பணம் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகிறது. உரிமம் கொடுத்து வரி வாங்கினால் புதிய வரி எதுவும் விதிக்காமலே கருவூலம் நிறையும் என்று அவர்கள் கூறினார்கள்.

மாசசூசெட்ஸ் உறுப்பினர் பார்னி ஃபிராங்க் இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் வழங்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். வயது வந்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதில் அரசு தலையிடக் கூடாது என்பது அவருடைய அடிப்படை. அவர் தலைவராக இருந்த பிரதிநிதிகள் சபை நிதிச் சேவைக் குழு 2010 ஜூலையில் அதை 41க்கு 22 என்ற வாக்குகளில் ஏற்றது. வாஷிங்டன் மாநில உறுப்பினர் ஜிம் மெக்டெர்மட், துணை மசோதா ஒன்றில் ஆடுபவர்கள் கணக்கில் கட்டும் தொகையில் 2 விழுக்காட்டை உரிமம் பெற்ற நிறுவனங்கள் செலுத்த வேண்டும் என்றார். பத்தாண்டுகளில் 4,200 கோடி டாலர் வரை கிடைக்கலாம் என்ற மதிப்பீட்டை ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அது போக்கருக்கு மட்டுமான கணக்கு அல்ல; இணையக் காசினோ ஆட்டங்களும் சேர்ந்த கணக்கு. இந்த வேறுபாடு பொதுப் பேச்சில் பெரும்பாலும் மறைந்துபோனது. முழு அவையில் மசோதா நிறைவேறவில்லை.

2011இல் டெக்சஸ் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜோ பார்ட்டன் போக்கருக்கு மட்டும் உரிமம் தரும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதுவும் சட்டமாகவில்லை. போக்கர் ஆட்டக்காரர் கூட்டணி என்ற அமைப்பு, முன்னாள் செனட்டர் அல்போன்ஸ் டமாட்டோவின் தலைமையில் இதற்காகப் பரப்புரை செய்துவந்தது.

எதிர்ப்பாளர்களின் காரணங்கள்

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. சமயச் சார்புள்ள பழமைவாத அமைப்புகள் சூதாட்டம் குடும்பங்களைச் சீரழிக்கும் என்றன. மருத்துவ நோக்கில் பார்த்தவர்கள் அடிமையாதல் பற்றிப் பேசினார்கள். காசினோவுக்குப் போக ஒருவர் வண்டி ஏறிப் போக வேண்டும். இணையத்தில் நள்ளிரவிலும் படுக்கையில் இருந்தபடியே ஆடலாம். ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆடலாம். பணம் இழப்பது யாருக்கும் தெரியாது. சிறுவர்கள் பெற்றோரின் கடன் அட்டையைப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சமும் இருந்தது. இந்தக் கவலைகளை வெறும் ஒழுக்கப் போதனை என்று ஒதுக்கிவிட முடியாது. பிற்காலத்தில் மாநிலங்கள் இயற்றிய சட்டங்களில் வயதுச் சோதனை, தானே விலகிக்கொள்ளும் பட்டியல், கட்டும் தொகைக்கு வரம்பு ஆகியவை இடம்பெற்றதற்கு இவையே காரணம்.

எதிர்ப்பின் இன்னொரு முகம் சூதாட்டத் தொழிலுக்குள்ளேயே இருந்தது. லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் நிறுவனத் தலைவர் ஷெல்டன் அடல்சன் இணையச் சூதாட்டத்தை முழுமையாகத் தடுக்கப் பெரும் பணம் செலவிட்டார். 2014இல் தந்திக் கம்பிச் சட்டத்தை எல்லா இணையச் சூதாட்டங்களுக்கும் விரிவாக்கும் மசோதா ஒன்று முன்மொழியப்பட்டது. அதை அவர் ஆதரித்தார், அதுவும் நிறைவேறவில்லை. வேறு சில காசினோ நிறுவனங்களோ உரிமம் பெற ஆவலாக இருந்தன. கலிபோர்னியாவில் சூதாட்டக் கூடங்கள் நடத்தும் பழங்குடி அரசுகள், சீட்டாட்ட அறைகள், குதிரைப் பந்தயத் திடல்கள் ஆகியவை பங்கு பிரிப்பதில் உடன்படவில்லை. பல ஆண்டுகள் மசோதாக்கள் வந்தும் ஒன்றும் நிறைவேறவில்லை. நாட்டிலேயே மக்கள் தொகை மிகுந்த மாநிலம் இதனால் வெளியே நின்றது.

கருப்பு வெள்ளி

2011 ஏப்ரல் 15 வெள்ளிக்கிழமை. நியூயார்க்கின் கூட்டாட்சி வழக்கறிஞர் பிரீத் பராரா, போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சொலூட் போக்கர் ஆகியவற்றின் நிறுவனர்கள் உட்பட 11 பேர் மீதான குற்றப்பத்திரிகையை வெளியிட்டார். வங்கி மோசடி, பண மோசடி, சட்டவிரோதச் சூதாட்டம் ஆகியவை குற்றச்சாட்டுகள். போக்கருக்குக் கட்டிய பணத்தை நகை, கோல்ஃப் பந்து போன்ற பொருள்கள் வாங்கியதாக வங்கிகளிடம் காட்டினார்கள் என்று குற்றப்பத்திரிகை கூறியது. தளங்களின் இணைய முகவரிகள் பறிமுதல் செய்யப்பட்டன. ஆடப் போனவர்கள் திரையில் புலனாய்வுத் துறையின் முத்திரையைக் கண்டார்கள். ஆட்டக்காரர்கள் அந்த நாளைக் கருப்பு வெள்ளி என்று அழைக்கிறார்கள்.

அதன்பின் நடந்தவை இந்த விவாதத்தில் மிக முக்கியமானவை. போக்கர்ஸ்டார்ஸ் ஆட்டக்காரர்களின் பணத்தைத் தன் செலவுப் பணத்தோடு கலக்காமல் தனியே வைத்திருந்தது. சில வாரங்களில் அமெரிக்கர்களுக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. ஃபுல் டில்ட் அப்படி வைத்திருக்கவில்லை. 2011 மார்ச் இறுதியில் அது உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது 39 கோடி டாலர். வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டுகளில் உரிமையாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் 44 கோடி டாலருக்கு மேல் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது என்று அரசுத் தரப்பு கூறியது.

2012 ஜூலை இறுதியில் போக்கர்ஸ்டார்ஸ் 73.1 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஃபுல் டில்ட் அதன் கைக்கு வந்தது. அந்தத் தொகையில் 54.7 கோடி அமெரிக்க அரசுக்கும், 18.4 கோடி மற்ற நாட்டு ஆட்டக்காரர்களுக்கும் ஒதுக்கப்பட்டன. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு முதல் தவணை 2014 பிப்ரவரி இறுதியில்தான் கிடைத்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர்கள் சொந்தப் பணத்துக்காகக் காத்திருந்தார்கள்.

இதற்கு முன்பும் எச்சரிக்கை வந்திருந்தது. 2007, 2008ஆம் ஆண்டுகளில் அப்சொலூட் போக்கர், அல்டிமேட் பெட் ஆகிய தளங்களில் உள்ளாட்கள் சிலர் எதிராளிகளின் மூடிய சீட்டுகளைப் பார்த்தபடி ஆடியது வெளிப்பட்டது. நம்ப முடியாத வெற்றி விகிதங்களைக் கணக்கிட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடித்தவர்கள் ஆட்டக்காரர்களே. முறையிட உள்நாட்டில் எந்த அலுவலகமும் இருக்கவில்லை. தடை இருந்த காலத்தில் ஆட்டம் நிற்கவில்லை; கண்காணிப்புதான் இல்லாமல் இருந்தது.

மாநிலங்கள் நுழைகின்றன

2011 டிசம்பரில் நீதித் துறை ஒரு சட்டக் கருத்தை வெளியிட்டது. இல்லினாய், நியூயார்க் மாநிலங்கள் இணையத்தில் லாட்டரிச் சீட்டு விற்பது பற்றிக் கேட்ட கேள்விக்கான பதில் அது. தந்திக் கம்பிச் சட்டம் விளையாட்டுப் பந்தயங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று அது கூறியது. இதனால் போக்கருக்கும் வழி திறந்தது. 2018 நவம்பர் தேதியிட்டு 2019 சனவரியில் வெளியான இன்னொரு கருத்து இதை மாற்ற முயன்றது. நியூ ஹாம்ப்ஷயர் லாட்டரி ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2021 சனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய விளக்கத்தையே உறுதி செய்தது.

டெலவேர் 2012இலும், நெவாடா, நியூ ஜெர்சி 2013இலும் இதற்கான சட்டங்களை இயற்றின. சட்ட அனுமதி பெற்ற முதல் தளமான அல்டிமேட் போக்கர் 2013 ஏப்ரல் 30 அன்று நெவாடாவில் திறந்தது. ஒன்றரை ஆண்டில் மூடப்பட்டது. பென்சில்வேனியா 2017இலும், மேற்கு வர்ஜீனியா, மிச்சிகன் 2019இலும் சட்டம் இயற்றின. கனெக்டிகட் 2021இல் அனுமதித்தும், மக்கள் தொகை குறைவு என்பதால் அங்கு ஆண்டுக்கணக்கில் எந்த நிறுவனமும் போக்கர் தளம் திறக்க முன்வரவில்லை.

உரிம முறையில் ஆட்டக்காரர் பணத்தைத் தனியே வைக்க வேண்டும். வயதும் அடையாளமும் சரிபார்க்கப்படுகின்றன. ஆடுபவர் மாநில எல்லைக்குள் இருக்கிறாரா என்பது இருப்பிடம் அறியும் தொழில்நுட்பத்தால் சோதிக்கப்படுகிறது. தகராறு வந்தால் முறையிட மாநில அலுவலகம் இருக்கிறது. 2011க்கு முன் இல்லாதவை இவை.

நியூ ஜெர்சி தரும் பாடம்

வரி எதிர்பார்ப்பு எப்படி முடிந்தது என்பதற்கு நியூ ஜெர்சி நல்ல எடுத்துக்காட்டு. ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியின் அரசு, இணையச் சூதாட்டத்திலிருந்து முதல் நிதியாண்டில் சுமார் 16 கோடி டாலர் வரி வரும் என்று வரவுசெலவுத் திட்டத்தில் எழுதியது. ஆனால் 2014 முழுவதும் எல்லாத் தளங்களும் சேர்ந்து ஈட்டிய வருவாயே சுமார் 12.3 கோடி டாலர். அதற்கு 15 விழுக்காடு வரி என்றால் 2 கோடி டாலர்கூட வராது. அந்த வருவாயிலும் போக்கரின் பங்கு ஏறத்தாழ கால்பகுதி மட்டுமே.

பத்தாண்டுகள் கழித்துப் படம் மாறியது. 2024இல் நியூ ஜெர்சியின் இணையச் சூதாட்ட வருவாய் சுமார் 239 கோடி டாலர். 2025 ஜூலை முதல் வரி விகிதமும் 19.75 விழுக்காடாக உயர்ந்தது. ஆக, பெரும் வரி பற்றிய வாக்குறுதி தாமதமாக நிறைவேறியது என்று சொல்லலாம். ஆனால் நிறைவேற்றியது போக்கர் அல்ல. மொத்த வருவாயில் போக்கரின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பணம் வந்தது ஸ்லாட் ஆட்டங்களிலிருந்தும் பிற காசினோ ஆட்டங்களிலிருந்தும்தான். அவை ஆடுபவர் நிறுவனத்திடம் நேரடியாகத் தோற்கும் ஆட்டங்கள்.

பென்சில்வேனியாவின் வரி விகிதங்களும் இதைக் காட்டுகின்றன. அங்கு இணைய ஸ்லாட் வருவாய்க்கு 54 விழுக்காடு வரி. போக்கருக்கு 16 விழுக்காடு. ரேக் எனும் மெல்லிய வருவாயில் பாதிக்கு மேல் எடுத்தால் போக்கர் தளம் நடத்த யாரும் வரமாட்டார்கள் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

2018இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் அனுமதி தரலாம் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைச் சட்டமாக்கின. அரசியல்வாதிகளின் கவனமும் நிறுவனங்களின் முதலீடும் அந்தப் பக்கம் திரும்பின. விவாதத்தைத் தொடங்கிவைத்த போக்கர் பின்வரிசைக்குப் போனது.

ஆட்டக்காரர் எண்ணிக்கைச் சிக்கல்

ஸ்லாட் ஆட ஒருவர் போதும். போக்கருக்கு எதிராளிகள் வேண்டும். அவர்கள் எல்லா நேரத்திலும், எல்லாப் பந்தய அளவுகளிலும் கிடைக்க வேண்டும். சுமார் பத்து லட்சம் மக்கள் உள்ள டெலவேரில் நள்ளிரவில் ஒரு மேசை நிறைவதே கடினம். வெளிநாட்டுத் தளங்களில் உலகம் முழுவதிலுமிருந்து வந்து ஆடிய காலத்தோடு ஒப்பிட்டால் மாநில எல்லைக்குள் அடைபட்ட போக்கர் மிகச் சிறியது.

இதைத் தீர்க்க நெவாடாவும் டெலவேரும் 2014 பிப்ரவரியில் ஒரு பலமாநில ஒப்பந்தம் செய்தன. உறுப்பு மாநிலங்களின் ஆட்டக்காரர்கள் ஒரே மேசையில் ஆடலாம். நியூ ஜெர்சி 2017இலும், மிச்சிகன் 2022இலும், மேற்கு வர்ஜீனியா 2023இலும், பென்சில்வேனியா 2025இலும் சேர்ந்தன. ஆட்டக்காரர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அவர் கொடுத்த ரேக்குக்கான வரி அந்த மாநிலத்துக்கே என்பது இத்தகைய ஏற்பாட்டின் அடிப்படை. நாடாளுமன்றத்தில் கூட்டாட்சிச் சட்டமாக வராதது, மாநிலங்களின் உடன்படிக்கையாகச் சிறுகச் சிறுக உருவாகிறது.

ஆடுபவர் செலுத்தும் வரி

இதுவரை பார்த்தது நிறுவனம் செலுத்தும் வரி. ஆடி வென்றவரும் கூட்டாட்சி வருமான வரி செலுத்த வேண்டும். தளம் சட்டப்படியானதா இல்லையா என்பதைப் பொறுத்து இந்தக் கடமை மாறாது. 2025 வரையிலான விதிப்படி, வென்ற தொகை அளவுக்கு இழப்பைக் கழித்துக்கொள்ளலாம். ஓராண்டில் ஒரு லட்சம் டாலர் வென்று ஒரு லட்சம் டாலர் தோற்றவர், விரிவான கழிவுக் கணக்குக் காட்டினால், வரி கட்ட வேண்டியதில்லை.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தில் இது மாற்றப்பட்டது. 2026ஆம் வரியாண்டு முதல் இழப்பில் 90 விழுக்காட்டை மட்டுமே கழிக்கலாம். மேற்சொன்ன ஆட்டக்காரருக்குக் கையில் ஒரு டாலர்கூட மிஞ்சவில்லை. ஆயினும் 10,000 டாலர் வருமானம் வந்ததாகக் கணக்கிடப்பட்டு வரி விதிக்கப்படும். ஆண்டு முழுவதும் பெரிய தொகைகளை வென்றும் தோற்றும் சிறு இலாபத்தில் வாழும் தொழில்முறைப் போக்கர் ஆட்டக்காரருக்கு, வரி அவருடைய இலாபத்தையே தாண்டிவிடக்கூடும். நெவாடா உறுப்பினர் டீனா டைட்டஸ் பழைய விதியை மீட்கும் மசோதாவைக் கொண்டுவந்தார்.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. உரிமம் பெற்ற தளம் ஆட்டக்காரரின் பதிவுகளை முறையாக வைத்திருக்கிறது; அங்கு வருமானம் மறையாது. வெளிநாட்டுத் தளத்தில் அந்தப் பதிவு அரசுக்கு எளிதில் எட்டாது. ஆடுபவர் மீது வரி கடுமையானால் அவர் மீண்டும் கண்காணிப்பற்ற தளங்களை நாடும் தூண்டுதலும் கூடும்.

விவாதம் இன்று

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் உரிமம் பெற்ற இணையவழிப் போக்கர் இன்றும் இல்லை. சூதாட்டம் எதையும் ஏற்காத யூட்டா போன்ற மாநிலங்களும் உண்டு. கலிபோர்னியா போல முடிவெடுக்க முடியாமல் நிற்பவையும் உண்டு. அங்கெல்லாம் ஆட விரும்புபவர்கள் வெளிநாட்டுத் தளங்களில் ஆடுகிறார்கள். ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்கள் 2011இல் எந்த நிலையில் இருந்தார்களோ, ஏறத்தாழ அதே நிலையில் இவர்கள் இருக்கிறார்கள்.

போக்கரைச் சட்டமாக்கினால் கருவூலம் நிறையும் என்பதை நம்பி முடிவெடுக்கும் மாநிலம் ஏமாற்றம் அடையும். அல்லது வருவாய்க்காக ஸ்லாட் ஆட்டங்களையும் சேர்த்து அனுமதிக்கும். அப்படிச் சேர்க்கும்போது அடிமையாதல் பற்றிய எதிர்ப்பாளர்களின் கவலை மேலும் வலுப்பெறுகிறது. ஏனெனில் அரசுக்கு அதிக வரி தரும் ஆட்டமே ஆடுபவரிடம் அதிகம் பறிக்கும் ஆட்டம். போக்கருக்கு உரிமம் தருவதற்கான உறுதியான காரணம் வேறு. தடை இருந்தாலும் மக்கள் ஆடுகிறார்கள். அவர்கள் கட்டிய பணம் யாரிடம் இருக்கிறது, கேட்டால் திரும்பக் கிடைக்குமா, சீட்டு நேர்மையாகப் போடப்படுகிறதா என்பதற்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். வரி எவ்வளவு வரும் என்ற கேள்வியோடு சேர்த்து இந்தக் கேள்விக்கும் ஒவ்வொரு மாநிலமும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.